கழிச்சல் என்று சொல்லி 28 குஞ்சுகளைப் புதைத்தேன்

முட்டைக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்தில் இருந்துகொண்டு கோழிக்குஞ்சு வளர்க்கத் தெரியவில்லை என்றால் யாரும் சிரிப்பார்கள். அந்த வெட்கத்திலேயே நான் ஒருத்தரிடமும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரியில் சத்தீஸ்கர் பக்கம் போயிருந்தார். திருச்செங்கோட்டுப் பக்கம் இது புதிதில்லை, போர் போடப் போன ஆள் திரும்பி வர ஆறு மாதமோ எட்டு மாதமோ ஆகும். நானும் நாலாவது படிக்கிற மகளும்தான் வீட்டில். பின்னறை சும்மா கிடக்கிறது, பொடக்காளியில், அதாவது கொல்லைப்புறத்தில், ஏற்கெனவே நாலு தாய்க்கோழி மேய்கிறது, ஐம்பது குஞ்சு வாங்கி விட்டால் பங்குனிக்குள் சேவலை விற்றுக் காசாக்கலாம், வெடைகளை (இளம் பெட்டைகளை) முட்டைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி வகையில் ஒரு நாள் வயசுக் குஞ்சு ஒன்று 55 ரூபாய். 50 குஞ்சுக்கு 2,750 கொடுத்தேன். வழியில் செத்தால் கணக்குக்கு இருக்கட்டும் என்று விற்றவர் இரண்டு கூடுதலாகப் போட்டார். ஆக 52. இன்றைக்குக் கொடாப்பில் (கோழி அடைக்கிற கூடையில்) இருப்பது 24.

முதல் தப்பு பல்பிலேயே ஆரம்பித்தது. கடையில் போய் "நல்ல பெரிய பல்பாக் குடுங்க" என்று கேட்டேன், அவரும் எல்இடி பல்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வெளிச்சம் கண்ணைக் கூசியது. பக்கத்தில் கையை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. தகடு வளைத்து நாலடி வட்டம் கட்டி, உமி பரப்பி, குஞ்சுகளை விட்டேன். ராத்திரி பார்த்தால் எல்லாம் ஒரு ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவியலாகக் கிடந்தன. எவ்வளவு ஒற்றுமையாய்த் தூங்குதுங்க பார் என்று மகளைக் கூப்பிட்டுக் காட்டி, போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பினேன். விடிந்து பார்த்தால் குவியலுக்கு அடியில் நாலு குஞ்சு தட்டையாகக் கிடந்தது. அந்தப் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது, அழிக்க மனசு வரவில்லை.

எல்இடியில் குஞ்சுக்குப் போதுமான சூடு வராது, பழைய குண்டு பல்புதான் வேண்டும். இப்போது அது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, குஞ்சு வருவதற்கு முன்னாலேயே தேடி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குஞ்சுக்கு 2 வாட் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். ஐம்பது குஞ்சு என்றால் 100 வாட் பல்பு ஒன்று மாட்டுவதைவிட 60 வாட் இரண்டு மாட்டுவது நல்லது, ஒன்று பியூஸ் போனாலும் இன்னொன்று எரியும். முதல் வாரம் குஞ்சு நிற்கிற உயரத்தில் 35 டிகிரி செல்சியஸ் சூடு இருக்க வேண்டும், அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைத்துக்கொண்டு வரலாம். தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லும். பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் குளிர், பல்பை விட்டு ஓடிப் போய் தகட்டோரம் வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், அங்கங்கே பரவிக் கிடந்தால் சரியாக இருக்கிறது. கரண்ட் போகிற ராத்திரிக்கு, பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றித் துணியில் சுற்றி நடுவில் வைத்துவிடுவேன். மூன்று பாட்டிலைச் சுற்றி ஐம்பது குஞ்சும் ஒட்டிக்கொள்ளும். இந்த ஒன்று மட்டும் யாரும் சொல்லாமல் எனக்கே தோன்றியது.

அந்தக் குளிரிலேயே இன்னொன்றும் வந்தது. மூன்றாம் நாள் நாலைந்து குஞ்சுக்குப் பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்துக்கொண்டது. எடுக்காவிட்டால் எச்சம் போக வழியில்லாமல் செத்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஊற வைத்து மெதுவாகத் துடைத்தெடுத்து, ஈரம் போக ஒற்றி, துளி தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். நான் முதலில் காய்ந்ததைப் பிய்த்தேன், தோலோடு வந்தது. இன்னொன்றில் அதைவிட மோசம். எச்சம் என்று நினைத்து நான் இழுத்தது தொப்புள்கொடியின் காய்ந்த நூல். தொப்புள் வயிற்றுப் பக்கம் இருக்கும், எச்ச வாய் அதற்குப் பின்னால் வாலுக்கு அடியில். அந்த நூலைத் தொடவே கூடாது, தானாக விழும். அந்த இரண்டும் செத்தன. 46.

அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நாள் பொற்காலம். எங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் சனிக்கிழமை கோழிக்குத் தடுப்பு மருந்து கொடுக்கிறார்கள். எட்டாம் நாள் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுபோய் ஒவ்வொன்றுக்கும் கண்ணில் ஒரு சொட்டு விட்டு வந்தேன். வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்கிற ராணிக்கெட் நோய்க்கானது அது. காசில்லை. மகள் நாலைந்துக்குப் பேர் வைத்துவிட்டாள். நெற்றியில் கறுப்புப் பொட்டோடு இருந்ததற்கு மைனா என்று பேர்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இங்கேதான் நான் செய்ததை எல்லாம் வரிசையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றையும் குஞ்சுக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். சாரல் அடிக்கிறதே என்று ஜன்னலுக்குத் தார்ப்பாய் கட்டி அடைத்தேன், காற்றோட்டம் போயிற்று. தண்ணிக் கப்பைத் தரையிலேயே வைத்திருந்தேன். குஞ்சு அதில் உமியைத் தள்ளி, மிதித்து, எச்சம் போட்டு, சுற்றிலும் ஒரு முழத்துக்கு உமி எப்போதும் ஈரமாகவே கிடந்தது. மேலாகக் கொஞ்சம் புது உமி தூவி மறைத்துவிடுவேன். குஞ்சு பெருத்தும் வட்டத்தைப் பெரிதாக்கவில்லை. நாலடி வட்டம் என்பது பன்னிரண்டரை சதுர அடி, குஞ்சுக்கு அரை சதுர அடி என்று வைத்தால் 25 குஞ்சுக்குத்தான் ஆகும். நான் 46 வைத்திருந்தேன். பொடக்காளியில் தாய்க்கோழிகள் மேய்கிற மண்ணை மிதித்த செருப்போடு அப்படியே குஞ்சறைக்குள் போவேன். தீவனத்தில் மருந்தெல்லாம் வேண்டாம், இயற்கையாக வளர்ப்போம் என்று கம்பும் நொய்யும் அரைத்துப் போட்டேன். கம்பெனி ஸ்டார்ட்டர் தீவனம் (சின்னக் குஞ்சுக்கான தீவனம்) பலவற்றில் ரத்தக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து கலந்தே வரும், மூட்டையில் தைத்திருக்கிற சீட்டில் எழுதியிருக்கும். வேண்டாம் என்று முடிவு செய்வது நம் இஷ்டம். ஆனால் அப்படி முடிவு செய்தால் உமி காய்ந்திருக்க வேண்டும். நான் மருந்தையும் எடுத்துவிட்டேன், உமியையும் நனையவிட்டேன்.

இருபதாம் நாள் காலையில் இரண்டு செத்துக் கிடந்தன. இன்னும் ஏழெட்டு சிறகைத் தொங்கப்போட்டு, கழுத்தை உள்ளே இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு குறுகி நின்றன. அத்தைக்குப் போன் போட்டேன். "கோழின்னா அப்புடித்தான் கண்ணு, பருந்துக்குப் பாதி, சீக்குக்குப் பாதி, மிச்சம் நமக்கு" என்றார். அவருடைய கோழிகள் வெயிலில் காடு முழுக்க மேய்ந்து வளர்ந்தவை, தாய் இறக்கைக்கு அடியில் படுத்தவை. அந்த ஞாயம் என் பின்னறைக்குப் பொருந்தாது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. செத்த இரண்டையும் முருங்கை மரத்தடியில் புதைத்தேன். ஒரு சாண்தான் தோண்டினேன், ராத்திரி நாய் பறித்துப் போட்டிருந்தது. இரண்டடியாவது தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூட வேண்டுமாம்.

மறுநாள் ஐந்து. மருந்துக் கடைக்கு ஓடினேன். "கழிச்சலுங்களாக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. எச்சம் என்ன நிறம், குஞ்சுக்கு எத்தனை நாள் ஆகிறது, தடுப்பு மருந்து கொடுத்தாயிற்றா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆன்டிபயாட்டிக் பாட்டில் ஒன்று, பி காம்ப்ளக்ஸ் டானிக் ஒன்று, சத்துப் பவுடர் ஒன்று. 640 ரூபாய். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கழிச்சல் என்ற ஒரே சொல்லில் பத்து நோய் இருக்கிறது, நான் அந்தச் சொல்லைக் கொடுத்து மருந்து வாங்கினேன். எச்சத்தைக் குனிந்து ஒழுங்காகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இருட்டறை, பழுப்பு உமி, எதுவும் தெரியவில்லை. ராத்திரியில் ஒரு பக்கம் செய்தித்தாளை விரித்து வைத்து விடிகாலையில் எடுத்து வாசலில் வைத்துப் பாருங்கள், எல்லாம் எழுதி வைத்தமாதிரி தெரியும். காபிப்பொடியைக் குழைத்தமாதிரி பிசுபிசுப்பாக ஒரு நாளைக்கு ஓரிரு தடவை போடுவது சாதாரணம், பயப்பட வேண்டாம். வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணியாகப் போய், வாயைப் பிளந்து மூச்சு வாங்கி, கழுத்து முறுக்கிக்கொண்டால் ராணிக்கெட்டாக இருக்கலாம். என் தாளில் இருந்தது வேறு. குங்குமத்தைத் தண்ணீரில் கொட்டியமாதிரி சிவப்புப் பொட்டுகள். ஆனால் அந்தத் தாளை நான் விரித்தது இருபத்திரண்டாம் நாள் ராத்திரிதான்.

அன்றைக்குப் பகலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மைனா குடிப்பதை நிறுத்திவிட்டது. மகள் பள்ளிக்கூடம் போகும்போது "அம்மா, மைனாவுக்கு மருந்து குடுத்துரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். இடது கையில் பிடித்து, அலகைப் பிரித்து, சிரிஞ்சில் டானிக்கை ஏற்றி உள்ளே ஒரே அழுத்தாக அழுத்தினேன். இரண்டு தடவை தலையை உதறியது. மூக்குத் துளையில் மஞ்சளாக ஒரு குமிழ் வந்தது, உடைந்தது. என் உள்ளங்கையிலேயே காலை நீட்டிவிட்டது. நோய் கொன்றதல்ல, நான் கொன்றது. கோழிக்கு நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழல் வாய் திறந்திருக்கிறது, வாய்க்குள் வேகமாக ஊற்றினால் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். அலகின் ஓரத்தில் ஒரே ஒரு சொட்டு வைத்து, அதுவாக முழுங்கிய பிறகு அடுத்த சொட்டு வைக்க வேண்டும். முழுங்கத் தெம்பில்லாத குஞ்சுக்கு வாயில் எதையும் விடக்கூடாது. மகள் வந்து கேட்டபோது ராத்திரியே செத்துவிட்டது என்று பொய் சொன்னேன். காலையில் அவளே பார்த்துவிட்டுத்தானே போனாள். ஒன்றும் சொல்லவில்லை, டிபன் பாக்ஸைக் கழுவப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கு மைனாவோடு சேர்த்து ஏழு. தாளில் ரத்தத்தைப் பார்த்த காலையில் இன்னும் நாலு. பயம் போய்க் கோபம்தான் வந்தது. செத்ததில் புதிதாக இரண்டையும், உயிரோடு குறுகி நின்றதில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். செத்தவற்றை இரண்டு பாலிதீன் கவரில் கட்டி, ஐஸ் போட்ட தூக்குப்போசியில் (தூக்குச்சட்டியில்) வைத்தேன். ஃப்ரீசரில் வைத்து உறைய விடக்கூடாது, உள்ளுறுப்பு கெட்டுவிடும், அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். நாமக்கல்லில் மோகனூர் ரோட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெரிய பண்ணைக்காரர்களுக்குத்தான் அதெல்லாம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். தூக்குப்போசியோடு நின்றபோது கூச்சமாக இருந்தது. யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா செத்த குஞ்சை மல்லாத்தி வயிற்றைக் கீறினார். குடல் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் சின்னப் பை மாதிரி இரண்டு குருட்டுக்குடல் இருக்கும். அவை இரண்டும் நாவல்பழ நிறத்தில் விறைத்துப் போயிருந்தன. கத்தரி நுனியால் ஒன்றைப் பிளந்தார். உள்ளே முழுக்க உறைந்த ரத்தம். "ஏம்மா, உமி ஈரமா இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். வீட்டைப் பார்த்துவிட்டு வந்தமாதிரி கேட்டார். ஆமாங்க என்றேன், அழுகை வந்துவிட்டது.

ரத்தக்கழிச்சல். காக்சிடியோசிஸ் என்று சீட்டில் எழுதினார். இது பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை, ஐமீரியா என்ற ஓரணு ஒட்டுண்ணி. அதனால்தான் நான் கொடுத்த ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யவில்லை. குஞ்சின் எச்சத்தில் இதன் முட்டை மாதிரியானது வெளியே வரும். ஈரமும் சூடும் இருந்தால் ஒன்றிரண்டு நாளில் அது வீரியமாகிவிடும், இன்னொரு குஞ்சு கொத்தி முழுங்கினால் ஒரு வாரத்துக்குள் அதற்கும் ரத்தம். பல்பு சூடும் ஈர உமியும் அடைத்த ஜன்னலுமாக நான் அதற்கு அடைக்கோழியாக இருந்திருக்கிறேன். பெரிய கோழிகள் தாங்கிக்கொண்டு உள்ளே வைத்திருக்கும், மூன்றிலிருந்து ஆறு வாரக் குஞ்சுக்குத்தான் ஆபத்து. என் செருப்பிலேயே வந்திருக்கலாம் என்றார்.

மருந்து ஆம்ப்ரோலியம், 20 சதவீதப் பவுடர். குடிதண்ணீரில் லிட்டருக்கு 1.2 கிராம், ஐந்து நாள். அதற்குப் பிறகு கால் பங்கு அளவில் இன்னும் ஒரு வாரம். இது என் குஞ்சுக்கு, நான் வாங்கிய பவுடருக்கு எழுதிய அளவு, நீங்கள் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வேறு தண்ணீர் எதுவும் வைக்கக்கூடாது, தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். 1.2 கிராமை ஸ்பூனில் அளக்க முடியாது. நகை நிறுக்கிற சின்னத் தராசு ஒன்று 350 ரூபாய்க்கு வாங்கினேன், ஐந்து லிட்டருக்கு 6 கிராம் என்று நிறுத்துக் கலந்தேன். அப்புறம் அவர் கேட்ட ஒரு கேள்வியில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டானிக் ஏதாவது குடுக்கறீங்களா?" அந்த பி காம்ப்ளக்ஸைச் சொன்னேன். "உடனே நிறுத்துங்க." ஆம்ப்ரோலியம் பார்க்க வைட்டமின் பி1 மாதிரியே இருக்குமாம். ஒட்டுண்ணி பி1 என்று ஏமாந்து அதை எடுத்துக்கொண்டு பட்டினியில் சாகும். நாம் கூடவே நிஜ பி1-ஐயும் ஊற்றினால் அது அதைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். மருந்து முடிந்த பிறகு டானிக் கொடுக்கலாம், முன்னால் கூடாது. ரத்தம் உறைய வைட்டமின் கே எழுதிக்கொடுத்தார். மொத்தம் 410 ரூபாய். பரிசோதனைக்கென்று பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து ஐந்து மணிக்கு ஆரம்பித்து ராத்திரி பதினொன்று வரை உமியை வழித்தேன். தார்ப்பாயை அவிழ்த்தேன். உட்கார்ந்து வேலை செய்யும்போதுதான் தெரிந்தது, குஞ்சு உயரத்தில் மூக்கைப் பிடிக்கிற நெடி. நிற்கும்போது எனக்கு வராத நாற்றத்தை அவை இருபத்து நாலு மணி நேரமும் மூச்சிழுத்திருக்கின்றன. பினாயில் ஊற்றினால் இந்தக் கிருமி சாகாது, அதன் ஓடு கெட்டி. நன்றாகக் காயவிடுவதும் சூடும்தான் கொல்லும். தரையைக் கழுவி, கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, மறுநாள் ஃபேன் போட்டு நன்றாகக் காயவிட்டேன். அந்த ஒரு நாள் குஞ்சுகள் ஆசாரத்தில் (வீட்டுக் கூடத்தில்) சோபாவுக்குப் பக்கத்தில் இருந்தன, அதைப் பற்றி மேலே கேட்காதீர்கள். தண்ணிக் கப்பைச் செங்கல் மேல் குஞ்சின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வைத்தேன். குஞ்சறைக்கு என்று தனிச் செருப்பு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் மகள் சாப்பாட்டுத் தட்டைத் தொடக்கூடாது. குறுகி நின்றவற்றைத் தனிப் பெட்டியில் தனி பல்பு போட்டு வைத்தேன்.

அடுத்த நாள் மூன்று செத்தன. அதற்கு அடுத்த நாள் ஒன்று. மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குத் தாளை எடுத்துப் பார்த்தேன், ஒரு சிவப்புப் பொட்டும் இல்லை. கொண்டுபோன குஞ்சு உள்பட 24 பிழைத்தன. சில குஞ்சுகள் இன்னும் வளர்த்தியில் பின்தங்கித்தான் இருக்கின்றன, குடல் அவ்வளவு புண்ணாகியிருந்திருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா இப்போது கேட்கிறார், கீழாநெல்லி, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு அரைத்துக் கொடுத்திருக்கலாமே என்று. கொடுத்தேன் அக்கா, இருபதாம் நாளே கொடுத்தேன். அந்த உருண்டையை நான் இப்போதும் கொடுக்கிறேன், நம்பிக்கைதான். ஆனால் ரத்தம் வந்துகொண்டிருக்கிற குஞ்சுக்கு நேரம் இல்லை. நான் இழந்ததும் நேரம்தான். இருபதாம் நாள் புதைத்த அந்த இரண்டைப் பஸ்ஸில் கொண்டுபோயிருந்தால் பஸ் செலவு போக வர 90 ரூபாய். அதற்குப் பிறகு செத்தவை 20. தூரம் அதிகம் என்றால் கால்நடை உதவி எண்ணான 1962-க்குப் போன் செய்து கேளுங்கள், பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்காவது தூக்கிக்கொண்டு போங்கள். முதல் குஞ்சு சாகும்போதே அறுத்துப் பார்த்துவிட வேண்டும்.

செலவு என்று பார்த்தால் குஞ்சு 2,750, தகடு, பல்பு, கப்பு 1,500, தீவனம் 1,300, தப்பு மருந்து 640, சரியான மருந்து 410, தராசும் பஸ்ஸும் 440. மொத்தம் 7,040. இருக்கிற 24-ல் பாதி சேவலாக இருந்தாலும் போட்ட முதல் தேறாது. வீட்டுக்காரரிடம் போனில் சொன்னபோது ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. "சரி விடு, போர் போட்டாலும் தண்ணி வராத குழி இருக்கத்தான் செய்யுது" என்றார்.

மாசியில், வெயில் ஏறுகிற சமயமாகப் பார்த்து, 25 குஞ்சுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். தெர்மாமீட்டர் வாங்கிப் பின்னறையில் குஞ்சு உயரத்தில் கட்டித் தொங்கவிட்டாயிற்று. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் மகள் தினமும் குனிந்து பார்த்து நோட்டில் எழுதி வைக்கிறாள், குஞ்சே இல்லாத அறையின் சூட்டை.